நெல்லைச் சீமைக் கிராமங்களில் மாரடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்து போவதற்கு முன்பிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தைத்தான் இங்கே நெல்லைச் சீமை என்கிறோம். கேள்விகள் டீக்கடையிலும் கோவில் கொடைப் பந்தலிலும் சாவு வீட்டு வாசலிலும் காதில் விழுபவை. சாவு வீட்டில் விழுந்தவைதான் அதிகம்.

"முன்னாடி எங்க ஊர்ல நெஞ்சடைப்புன்னு யாரும் சாகலையே. இப்ப மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு?"

இதில் பாதி உண்மை. நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது அளவில் இருந்தது. குழந்தைச் சாவுகள் அந்தக் கணக்கைக் கீழே இழுத்தன என்பது சரிதான். ஆனாலும் காலராவும் காசநோயும் பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. மாரடைப்பு வரக்கூடிய வயதை எட்டுவதற்குள் வேறு ஏதாவது ஒன்று ஆளைக் கொண்டுபோனது. எட்டியவர்கள் இறந்தபோதும் என்ன நோய் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. "ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாவ, காலையில எந்திரிக்கல" என்பதோடு பேச்சு முடிந்தது. அந்தச் சாவுகளில் எத்தனை மாரடைப்பு என்று இன்று சொல்ல வழியில்லை.

மற்றப் பாதி, நோய் மெய்யாகவே கூடியிருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2005-06-ல் 20.9 சதவீதம். 2015-16-ல் 30.9. 2019-21-ல் 40.4. பதினைந்து வருடத்தில் இரண்டு மடங்கு. நகரமும் கிராமமும் சேர்ந்த கணக்கு இது.

கிராமத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்குப் போக வேண்டும். அங்கே 1991-94-ல் அளந்த கிராமப் பகுதியையும் நகரப் பகுதியையும் 2010-12-ல் திரும்ப அளந்தார்கள். சர்க்கரை நோய் நகரத்தில் இரண்டு மடங்காகியிருந்தது, கிராமத்தில் மூன்று மடங்காகியிருந்தது. இரத்த அழுத்தமும் எடையும் ஏறியிருந்தன, உடலுழைப்பு இறங்கியிருந்தது. வேலூர் நம் ஊர் ஆகாது, மண்ணும் தண்ணீரும் வேறு. ஆனால் அங்கே வந்த டிராக்டரும் ரேஷன் அரிசியும் மிக்சியும்தான் இங்கேயும் வந்தன.

இருபது வருட இடைவெளியில் எடுத்த இரண்டு கணக்குகளை அப்படியே ஒப்பிடலாமா?

கூடாது. மூன்று இடங்களில் இடறும்.

முதலாவது வயது. நம் ஊர்களில் இளவட்டங்கள் சென்னை, கோவை, திருப்பூர், மும்பை, வளைகுடா என்று போய்விட்டார்கள். பிறப்பும் குறைந்துவிட்டது. தெருவில் மிஞ்சியவர்களில் பாதிப் பேர் நரைத்த தலை. நோய் துளிகூடக் கூடாமல் இருந்தாலும் நூற்றுக்கு இத்தனை என்ற எண் தானாக ஏறும். அதனால் வயதைச் சரிக்கட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது அளவுகோல். 1997 வரை வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் இருந்தால்தான் சர்க்கரை நோய். அந்த வருடம் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126-க்கு இறக்கியது, உலக சுகாதார நிறுவனமும் 1999-ல் ஏற்றுக்கொண்டது. இரத்த அழுத்தத்திலும் 160/95 என்றிருந்த பழைய வரம்பு 140/90 ஆனது. அன்றைக்கு நல்லவர் கணக்கில் இருந்தவர், உடம்பில் ஒரு மாற்றமும் இல்லாமல், மறுநாள் நோயாளி கணக்குக்குப் போனார். மூன்றாவது கருவி. பாதரசக் கருவியும் பேட்டரிக் கருவியும், நரம்பில் எடுத்த இரத்தமும் விரல் நுனியில் குத்திய சொட்டும் ஒரே எண்ணைக் காட்டா.

வேலூர் மாதிரி ஒரே பகுதியை ஒரே முறையில் திரும்ப அளந்த ஆய்வுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். "அறுபது சதவீதம் பேருக்குப் பிரஷர்" என்று வாட்ஸாப்பில் வரும் எண்களுக்கு அந்த மதிப்பு கிடையாது.

ஆபத்துக் காரணி என்று டாக்டர்கள் சொல்வது எதை?

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற சிறு நகரில் 1948-ல் 5,209 பேரைச் சேர்த்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவரிடம் முன்கூட்டியே என்ன இருந்தது என்று வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பிரஷர், கொழுப்பு, புகை என்று நாம் இன்று சொல்லும் பட்டியலின் பிறப்பிடம் அதுதான். நம்மைப் போன்றவர்களுக்கும் அது பொருந்துமா என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு அதைத் தீர்த்தது. புகையிலை, கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைவு, உழைப்பின்மை, மது ஆகிய ஒன்பதும் சேர்ந்து உலகம் முழுவதும் முதல் மாரடைப்பில் சுமார் 90 சதவீதத்துக்குக் கணக்குச் சொல்கின்றன. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. ஆறு வருடம் முந்துகிறோம்.

அப்போ, பழைய காலத்துக் கிராமத்தில் இதய நோயே இல்லை என்று சொல்லலாமா?

இருந்தது, வேறு நோயாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தொண்டை வலி வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டு முட்டாக வீங்கும், காய்ச்சல் அடிக்கும். அது ருமாட்டிக் காய்ச்சல். ஒழுகும் கூரை, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், மருந்து கிடைக்காத ஊர் என்றால் அது வரும், திரும்பத் திரும்பவும் வரும். வந்து இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போகும். கல்யாணமாகிப் பிள்ளை உண்டானபோது மூச்சு வாங்கிச் செத்த இளம்பெண்களில் இந்த வால்வு நோய்க்காரர்கள் நிறைய. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, மச்சு வீடு, சிறு குடும்பம் எல்லாம் சேர்ந்து அதைப் பெருமளவு குறைத்தன. வறுமை கொடுத்த இதய நோய் ஒதுங்கிய இடத்தில், கொஞ்சம் வசதி கொடுத்த இதய நோய் வந்து உட்கார்ந்திருக்கிறது. முந்தியது இருபது வயதுக்காரியைத் தேடிப் போனது, இது ஐம்பது வயதுக்காரரைத் தேடி வருகிறது.

ஆத்தோரத்து ஊர், பனங்காட்டு ஊர், கரிசக்காட்டு ஊர் எல்லாத்துக்கும் ஒரே கதைதானா?

இல்லை. "கிராமப்புறம்" என்று ஒரே கட்டத்தில் எழுதிப் போடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

தாமிரபரணிப் பாசனத்தில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த ஊர்களுக்கு நெல்லுச்சோறு புதிதில்லை. அங்கே மாறியது உழைப்பு. சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்றவர்களுக்கு மூன்று வேளையும் அரிசி என்பது ஒன்றிரண்டு தலைமுறைப் பழக்கம்தான். அங்கே மாறியது தட்டு. திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் தேரிக்காட்டில் பனையேறியவர்கள் பதநீர்க் காலம் முழுக்கக் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கினார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரன்மார் மும்பையில் கடை வைத்திருக்கிறார்கள், அல்லது ஊரிலேயே கல்லாவில் இருக்கிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், பாப்பாக்குடி, கடையம் பக்கத்தில் பெண்கள் களையெடுப்பை விட்டுப் பீடி சுற்றச் சொளவு (முறம்) முன்னால் உட்கார்ந்தார்கள். ஆபத்துக் காரணி நான்கு ஊரிலும் ஒன்றுதான், வந்த வழிதான் வேறு. வழி தெரியாமல் எல்லா ஊருக்கும் "எண்ணெயைக் குறையுங்கள்" என்று ஒரே நோட்டீஸ் ஒட்டினால் அது சுவரில்தான் இருக்கும்.

உழைப்பு குறைஞ்சுபோச்சுன்னு சொல்லுதீங்க. நாங்க சும்மாவா இருக்கோம்?

சும்மா இல்லை. ஆனால் வேலையின் கனம் போய்விட்டது. கமலை இறைத்த இடத்தில் மோட்டார் சுவிட்ச். ஏர் போய் டிராக்டர். அறுப்பு மிஷின் வந்தபின் அரிவாளும் கட்டுச் சுமப்பதும் களத்தில் சூடடிப்பதும் ஒன்றாகப் போயின. பெண்கள் பக்கம் மாற்றம் இன்னும் வேகம். ஆட்டுக்கல், அம்மி, உரல், குடத்துத் தண்ணீர், சுள்ளி பொறுக்குவது எல்லாம் தனித்தனியாகப் போனவை. 2011-ல் தொடங்கிய இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் மிச்சம் இருந்த ஆட்டுக்கல்லையும் புறவாசலுக்கு அனுப்பியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த அரைப்பிலும் இடிப்பிலும் முதுகொடிந்த பெண்களிடம் போய் "பழையபடி அம்மியில் அரையுங்கள், இதயத்துக்கு நல்லது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொல்லும் பேச்சாளர்கள் யாரும் அம்மி பிடித்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. வேலை போனது நல்லது, அந்த இடத்தில் நடை வரவில்லை என்பதுதான் சிக்கல். டீக்கடைக்குக்கூட பைக்.

நூறு நாள் வேலைக்குப் போகிறோமே என்பார்கள். குளக்கரையில் மண் வெட்டும் நாட்களுக்குச் சரி. வருடத்தின் மற்ற நாட்களுக்கு அது கணக்காகாது. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும்படி நடந்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. வாய்க்கால் கரை இருக்கும் ஊருக்கு அதற்கென்று பூங்கா தேவையில்லை.

பீடி சுத்துற எங்களுக்கு என்ன வரும்? நாங்க பீடி குடிக்கலையே.

குடிக்க வேண்டியதில்லை, தொட்டாலே போதும். இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி அடுக்கும்வரை புகையிலைத்தூள் கையிலும் மூக்கிலும்தான் இருக்கிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோட்டின் உடம்புக்குள் போகும். அந்தக் கையோடு சோறு உண்பதும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் நடக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் உட்காருதல் என்று நினைக்கிறேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பதால் எழுந்தால் நஷ்டம். சொளவை மடியில் வைத்துக் குனிந்தபடி எட்டு மணி, பத்து மணி நேரம். கூடவே டீயும் வடையும். வீட்டு வேலை முடித்தபின் நடப்பதற்கு நேரமும் கிடையாது, தெம்பும் கிடையாது. ஐம்பது வயதில் சர்க்கரை, முட்டுவலி, பிரஷர் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன. முட்டு வலிக்கிறது என்று இன்னும் கொஞ்சம் உட்காருகிறார்கள்.

கட்டுக்குக் கட்டு எழுந்து முற்றத்தில் ஒரு நடை நடப்பது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தூளைக் கொட்டும் நேரத்தில் முந்தானையால் மூக்கை மூடுவது, கைப்பிள்ளையைச் சொளவுக்கு அருகில் படுக்கவைக்காமல் இருப்பது. காசு செலவில்லாதவை இவ்வளவுதான். பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்தியத் தொழிலாளர் நலத்துறை முக்கூடலில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறது. அடையாள அட்டை இருப்பவர்கள் பிரஷரையும் சுகரையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பீடி, சிகரெட்டைவிடத் தேவலையா?

தேவலை இல்லை. பீடியில் தூள் குறைவு, ஆனால் அது அணைந்து அணைந்து போகும். அணையாமலிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். உள்ளே போகும் நஞ்சு சிகரெட்டுக்குக் குறையாது. வாயில் அடக்கும் பொயிலையும் அப்படித்தான், புகை இல்லையே தவிர நிகோட்டின் இருக்கிறது. விட்டவருக்கு ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறைகிறது. இந்த வேகத்தில் பலன் தரும் மருந்து எதுவும் கடையில் இல்லை.

"எங்க தாத்தா பழைய சோறும் கருவாடும் சாப்பிட்டு எம்பத்தஞ்சு வரைக்கும் இருந்தாவளே!"

எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா அப்படி இருக்கிறார். அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த வயதில் எதில் போனார்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மிஞ்சியவரை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறோம்.

ஆனால் தாத்தாவின் தட்டு பற்றிப் பேச விஷயம் உண்டு. பழைய சோறு தவறில்லை. அளவும் உழைப்பும்தான் வேறு. விடியற்காலையில் ஒரு கும்பா பழையதைக் குடித்துவிட்டு மதியம்வரை வயலில் நின்றார். அதே கும்பாவைக் குடித்துவிட்டு நாம் கல்லாவில் உட்காருகிறோம். அரிசி எட்டாத பொருளாக இருந்த வீடுகளும் ஏராளம். 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனில் இலவசமானது. பட்டினி ஒழிந்தது, அது சாதாரண விஷயமில்லை. அதே கையோடு தட்டு முழுக்க அரிசியும், ஓரத்தில் கொஞ்சம் குழம்பும் என்று நிலைத்துவிட்டது. இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்வு சொல்கிறது. பருப்பும் பயறும் முட்டையும் மீனும் காயும் ஏறி, சோறு மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் போதும். நம் ஊர் உளுந்தஞ்சோறும் கூட்டாஞ்சோறும் பருப்பும் காயும் கலந்த நல்ல ஏற்பாடுகள்தான். அவற்றை மாதத்துக்கு ஒருநாள் பலகாரம் போல வைத்திருக்கிறோம்.

கருவாட்டில் வில்லன் மீன் இல்லை, உப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நான்கும் ஒரே சாப்பாட்டில் வந்தால் அந்த வரம்பு மதியத்திலேயே தாண்டிவிடும். பிரஷர் உள்ளவர்கள் ஒரு வேளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொதிக்குத் தேங்காய்ப்பால் வேணாமா? ரேஷன் பாமாயில் ஆகாதா?

சொதியை விடச் சொல்ல நான் துணிய மாட்டேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்கும் விசேஷத்துக்கும் வைப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தினமும் தேங்காய் அரைத்த குழம்பு, தேங்காய்ச் சட்னி, தேங்காய் எண்ணெய்த் தாளிப்பு என்று மூன்றும் கூடும்போது கெட்ட கொழுப்பு ஏறும். தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு மருந்து என்று பரவும் வீடியோக்களுக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

பாமாயிலிலும் உறைகொழுப்பு உண்டு. 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை ஏழை வீடு வாங்காமல் இருக்காது. வாங்கட்டும். அதே திட்டத்தில் வரும் துவரம்பருப்பையும் விடாமல் வாங்கட்டும். எண்ணெயை மாற்றி மாற்றி, ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மிகாமல் பயன்படுத்தினால் எந்த எண்ணெய் என்ற சண்டையே முக்கால்வாசி முடிந்துவிடும். கடைச் சட்டியில் நாள் முழுக்கக் கொதித்துக் கறுத்த எண்ணெயில் பொரித்த வடையும், ராத்திரிப் புரோட்டாவும் சால்னாவும் வேறு வகை. அவற்றுக்குப் பரிந்து பேச ஒன்றும் இல்லை.

சுகர் இருக்கிறவங்க சீனிக்குப் பதிலாக் கருப்பட்டி போட்டுக் காபி குடிக்கலாமா?

கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும். உடன்குடிக் கருப்பட்டியானாலும் ஏற்றும்.

ஆள் ஒல்லிதான். அவருக்கு எப்படி அடைப்பு?

நம்மவர்களின் உடம்பு வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. கையும் காலும் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் சற்று முன்னே நிற்கும். புனேயை ஒட்டிய கிராமங்களில் 1993 முதல் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு ஒன்று, எடை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகளிடமே தசை குறைவும் கொழுப்பு மிகுதியும் இருப்பதைக் காட்டியது. தாயின் வயிற்றிலேயே பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு. பஞ்சம் தீர்ந்து மூன்று வேளைச் சோறு வந்ததும் அதே உடம்பு சர்க்கரையைத் தாங்க மாட்டாமல் திணறுகிறது. எடை குறைவாகப் பிறந்து, பின்னால் சீக்கிரம் எடை போட்டவர்கள் இதில் முன்வரிசை.

அதனால் எடை மிஷினைவிட டெய்லர் நாடாவை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் ஒல்லிக் கணக்கு செல்லாது.

தலைசுத்தல் ஒண்ணும் இல்ல. பிரஷர் மாத்திரையை நிறுத்திரலாமா?

நம் கிராமங்களில் இதயத்தைக் கெடுக்கும் பழக்கம் எது என்று என்னிடம் கேட்டால் புரோட்டாவுக்கு முன்னால் இதைச் சொல்வேன். பிரஷருக்கு வலி கிடையாது. மாத்திரை தின்றதால்தான் 130-ல் நிற்கிறது, "இப்ப சரியாயிட்டு" என்று நிறுத்துகிறார்கள். மூன்று மாதத்தில் 180. மேல் எண்ணை 10 புள்ளி குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவை வரவிருந்த ஐந்து பேரில் ஒருவர் தப்பிக்கிறார், அது யார் என்று அவருக்கும் தெரியாது. அதனாலேயே மாத்திரைக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை.

மருத்துவர்களிடம் பாதிக்குப் பாதி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பிரஷர் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது இருப்பது தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேர் மருந்து எடுப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத்தான் கட்டுக்குள் நிற்கும். எட்டில் ஒருவர். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தக் கணக்கை மாற்றத்தான் வந்தது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து அளந்து, மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "அந்தப் பிள்ளை வந்து கொடுத்துட்டுப் போச்சு" என்று தகர டப்பாவில் போட்டு வைத்தால் பலன் இல்லை. வேலைக்குப் போகும் ஆண்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை என்பதும் இத்திட்டம் இன்னும் சரியாகத் தாண்டாத கல்.

பொம்பளைகளுக்கு மாரடைப்பு வராதுன்னு சொல்லுவாங்களே?

மாதவிலக்கு நிற்கும்வரை ஓரளவு பாதுகாப்பு உண்டு, சர்க்கரை வந்துவிட்டால் அதுவும் போச்சு. கர்ப்ப காலத்தில் பிரஷரோ சுகரோ வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய ஆபத்து கூடுதல். பிரசவத்தோடு அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அறிகுறியும் எப்போதும் சினிமாவில் நெஞ்சைப் பிடிப்பது போல வராது. தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், இனம் தெரியாத அசதி, குமட்டல் என்றும் வரும். வீட்டிலும் ஆணுக்கு நெஞ்சு வலித்தால் கார் பிடிப்பார்கள், பெண்ணுக்கு வலித்தால் சுக்குக் கசாயம் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அதையும் அவளே போட வேண்டும்.

முப்பத்தஞ்சு, நாற்பது வயசுப் பையன்கள் பொத்துனு விழுதாங்களே. தடுப்பூசிதான் காரணமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களைப் பற்றி 47 ஆஸ்பத்திரிகளின் வழியாக ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. கோவிட் தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. குடும்பத்தில் திடீர்ச் சாவு நடந்திருப்பது, கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, சாவுக்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிக் குடித்தது அல்லது உடலைக் கடுமையாக வருத்தியது ஆகியவைதான் கூட்டின. கொடை நாளில் விடிய விடியக் குடித்துவிட்டு மறுநாள் வெயிலில் கபடிக்கு இறங்குகிற பையன்களுக்கு இதை யாராவது சொன்னால் நல்லது.

நகரத்தைவிடக் கிராமத்தில் ஆபத்துக் காரணிகள் குறைவு என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை சாவு?

நல்ல கேள்வி. குறைவு என்பது உண்மைதான். 2023-ல் வந்த நாடுதழுவிய ஆய்வில் சர்க்கரை நோய் நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9. ஆனால் 17 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2014-ல் ஒரு முரணைக் காட்டியது. பணக்கார நாடுகளில் ஆபத்துக் காரணிகள் அதிகம், சாவு குறைவு. ஏழை நாடுகளில் ஆபத்துக் காரணிகள் குறைவு, சாவு அதிகம். நோய் வந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

நம் பக்கம் நடப்பது இது. ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு கரிக்கிறது. வாயு என்று சோடா. கேட்கவில்லை, ஓமத்தண்ணீர். பதினொன்றரைக்குப் பக்கத்து ஊரில் ஊசி போடுகிறவரை எழுப்பி ஒரு ஊசி. வலி மரத்துத் தூங்குகிறார். மூன்று மணிக்கு வியர்த்து ஊற்றுகிறது. வண்டி தேடி, திசையன்விளைப் பக்கத்திலிருந்தோ களக்காட்டுக்கு மேலிருந்தோ கிளம்பினால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். அதற்குள் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் முழுப்பலன், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அநேகமாகப் பயனில்லை. இவ்வளவிலும் தூரம் சாப்பிட்டது ஒரு மணி நேரம்தான். சோடாவும் ஓமத்தண்ணீரும் ஊசியும் சாப்பிட்டது ஐந்து மணி நேரம்.

முப்பது வயது தாண்டியவருக்கு மேல்வயிறு, நெஞ்சு, தாடை, இடது கை எங்கேனும் இறுக்கமும் கூடவே வியர்வையும் வந்து இருபது நிமிடம் நீடித்தால் வாயு என்று பேசாதீர்கள். நடக்கவிடாமல் உட்கார வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து வாயுதான் என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாஸ்டர் செக்கப் எடுக்கணுமா?

வேண்டியதில்லை. முப்பது வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை பிரஷர், சுகர், இடுப்பளவு. நாற்பதில் ஒருமுறை கொழுப்பு. முதல் மூன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் முடியும். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது ஐம்பத்தைந்துக்குள் மாரடைப்பு வந்திருந்தால் கொழுப்பைப் பத்து வருடம் முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

நெஞ்சுவலிக்குச் சுகாதார நிலையத்துல பதினாலு மாத்திரை கொடுக்காங்களே, அதை வாங்கி வீட்டுல வச்சுக்கலாமா?

2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டம் அது. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அடோர்வாஸ்டாடின் எட்டு, மொத்தம் பதினான்கு. மாரடைப்பு என்று தெரிந்ததும் ஒரே வேளையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு. வீட்டில் வைத்துக்கொண்டு நெஞ்சு கரிக்கும்போதெல்லாம் விழுங்கக் கூடாது. குடற்புண்ணில் இரத்தம் கசிகிறவருக்கும், மூளையில் இரத்தக் கசிவு வந்தவருக்கும் இதே மாத்திரைகள் ஆளைக் கொல்லும். மாத்திரையை விழுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் விடியும்வரை காத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் அது இருக்கிறதா, ராத்திரி நேரத்தில் அருகில் எந்த நிலையம் திறந்திருக்கும் என்று நாளைக்குப் பகலில் போய்க் கேட்டு, நம்பரைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால், எதிர்வீட்டுப் பையனுடைய போனிலும்.